லீக்கேஜ் அண்ணனின் வியாழக்கிழமை

சட்டியின் நடுவே கரண்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டு லீக்கேஜ் அண்ணன் எண்ணத் தொடங்குகிறார். “ஒண்ணு, ரெண்டு, மூணு…” சிவப்பு சாஸும் அரைத்த மாட்டிறைச்சியும் இரண்டு கரைகளிலிருந்தும் நகர்ந்து வந்து, நான்கிலேயே கோட்டை மூடிவிடுகின்றன. “இன்னும் தண்ணி நிக்குது” என்று சட்டிக்குத் தகவல் சொல்கிறார். தீயைக் கொஞ்சம் கூட்டுகிறார். ஏழு எண்ணும்வரை கோடு மூடக் கூடாது; அதுதான் பதம். அதற்கு முன்னால் மூடினால் பன் நனைந்து கையோடு வரும். பத்தைத் தாண்டினால் அது சாப்பாடு இல்லை, சிமெண்ட். இரண்டையும் அவர் செய்து பார்த்திருக்கிறார். இரண்டையும் அண்ணி சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்தச் சமையலறையில் நடப்பது இதுதான். மற்ற ஆறு நாளும் அடுப்பு அண்ணியுடையது. அண்ணி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறார். வியாழக்கிழமை அங்கே எல்லா அறைகளிலும் படுக்கை விரிப்பு மாற்றுகிற நாள். நானூறு விரிப்புகளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து இன்னொரு சூடான பொருளின் முன்னால் நிற்க முடியாது என்று கல்யாணமான முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டார். அண்ணனுக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தக்காளி சாஸ் புட்டியின் பின்பக்கத்துத் தாளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் படித்த ஒரே எழுத்து அதுவாகத்தான் இருக்க வேண்டும். மொத்தம் ஒன்பது வரி. இருபத்திரண்டு வருடம் கழித்தும் மனப்பாடமாகச் சொல்வார், “திறந்த பின் குளிர்ந்த இடத்தில் வைக்கவும்” உட்பட.

இறைச்சிக் கடையில் அவர் வருவதைக் கண்டாலே கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு மூன்று பைகளை எடுத்து வைப்பார். “ரெண்டு தடவை அரைக்கட்டுமா?” “ஒரு தடவை போதும். ரொம்ப நைசா அரைச்சா சாஸ் பிடிக்காது.” பொட்டலத்தை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, கடை வாசலிலேயே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். வரிசையில் நிற்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். ஒரு சொட்டும் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் நகர்வார். ஒரு முறை விழுந்தது. அன்று அவர் வாங்கிய கறியைவிட அவர் அங்கே பேசிய பேச்சுக்கு எடை அதிகம்.

இறைச்சி சட்டியில் விழுந்ததும் அதை உதிர்க்க அவர் கரண்டி எடுப்பதில்லை; சுவருக்குப் பட்டி பூசுகிற அகலத் தகடுதான். நியாயமாகப் பார்த்தால் அதைவிட நல்ல கருவி கிடையாது. கட்டி கட்டியாகக் கிடப்பதை இடமும் வலமும் கொத்தி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, ஐந்து நிமிடத்தில் மணல் மாதிரி ஆக்கிவிடுகிறது. பிறகு சட்டியைச் சாய்த்து, கொழுப்பை ஒரு ஓரத்துக்கு ஓடவிட்டு, ஸ்பூனால் மொண்டு எடுக்கிறார். “வாட்டம் குடுத்தா எதுவும் தானா ஓடி வரும்” என்பார். வாட்டம் என்றால், ஒழுகல் அடைக்கிற அவர் தொழிலில், தரையின் சரிவு. வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, மூன்றும் பொடியாக. அது வதங்கியதும் தக்காளி விழுது, சாஸ், ஒரு மூடி வினிகர், கொஞ்சம் கடுகு விழுது, மிளகாய்த் தூள், ஒரு கரண்டி சர்க்கரை. பன்னை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தில் பிரஷ்ஷால் வெண்ணெய் பூசிக் கல்லில் கவிழ்க்கிறார். அது முதல் கோட்டு, அதாவது முதல் பூச்சு. முதல் கோட்டு சரியாக விழுந்தால் மேலே என்ன கொட்டினாலும் உள்ளே இறங்காது.

“அந்தத் தகடு போன வாரம் எங்க இருந்துச்சு?” என்று அண்ணி கேட்பார்.

“இது புதுசு.”

“போன வருஷமும் இது புதுசாத்தான் இருந்துச்சு.”

“நல்ல பொருள் அப்படித்தான் இருக்கும்.”

“பிரஷ்ஷு?”

அண்ணன் எண்ணத் தொடங்கிவிடுவார். அவர் எண்ணும்போது யாரும் பேசக் கூடாது.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒல்லி. இடது புருவத்தில் சாம்பல் நிறப் பூச்சுத் துளி ஒன்று நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது. இடது தோளில் ஒரு துணி. சட்டைப் பையில், மற்ற ஆண்கள் பேனா செருகுகிற இடத்தில், கறுப்பு ரப்பர் மூடி ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். குளியலறைத் தரையின் துவாரத்தை அடைக்கிற மூடி. குளியலறை, தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடி, எங்கே ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் என்றைக்கோ “அந்த லீக்கேஜைக் கூப்பிடுப்பா” என்று சொன்னது அப்படியே நின்றுவிட்டது. தரையில் இரண்டு கோட்டு பூசி, காயவிட்டு, துவாரத்தை மூடி, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, அது நிற்கிற மட்டத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டு, ஒரு முழு நாள் விட வேண்டும். மறுநாள் தண்ணீர் கோட்டிலேயே நின்றால் வேலை தேறியது. இறங்கியிருந்தால் எங்கேயோ ஓட்டை. “கோடே சொல்லிடும், நாம வாயைத் திறக்க வேண்டியதில்ல” என்பார் பெருமையாக. வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவர் என்பது அண்ணியின் கருத்து.

ஈரம் என்று வந்துவிட்டால் அவருக்கு இடம் பொருள் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும், கை கழுவுகிற சாக்கில் தொட்டிக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மாமியார் அறுவைசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கட்டிலருகே கால் மணி நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். தனக்காக வேண்டிக்கொள்கிறார் என்று நெகிழ்ந்துபோய் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “மேல குழாய் போகுது அத்தை. கட்டிலை ரெண்டடி தள்ளிப் போடச் சொல்லுங்க” என்றார் அண்ணன். டீ டம்ளரின் அடியைத் துணியில் ஒற்றாமல் எங்கும் வைக்க மாட்டார். மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடுவார்கள். இவர் ஜன்னலைத் திறந்து, எதிர் வீட்டுச் சுவரில் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஐஸ்கிரீம் சாப்பிடுவதில்லை. “அது நிக்காது” என்பதுதான் காரணம்.

இப்படிப்பட்ட மனிதர் வாராவாரம் சமைப்பது, ஒழுகுவதற்கென்றே பிறந்த ஒரு சாப்பாட்டை. முன்பக்கம் வாயை வைத்தால் பின்பக்கம் பிதுங்கும். பின்பக்கத்தைப் பிடித்தால் இரண்டு ஓரமும் வழியும். அண்ணிக்கு அதுதான் பிடிக்கும். தட்டில் விழுந்ததைப் பன் துண்டால் வழித்து, விரல்களை நக்கி, முழங்கைவரை சிவப்பாக்கிக்கொண்டு சாப்பிடுவார். “நாள் முழுக்க வெள்ளை விரிப்பையே பார்க்கறேன். வீட்டுக்கு வந்தா ஏதாவது அழுக்காகணும்.” அண்ணனோ, கிணற்றை எட்டிப் பார்க்கிறவர் போலத் தட்டுக்கு மேல் குனிந்து, பன்னைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, எங்கே பிதுங்குகிறதோ அங்கே ஒரு கடி வைப்பார். அவர் கடிப்பது பசிக்காக இல்லை, ஓட்டையை அடைக்கிறார். மணிக்கட்டில் ஒரு சொட்டு இறங்கினால் அது நகர்வதற்குள் தோள் துணி வந்துவிடும். அவர் முழங்கையில் சாஸ் பட்டு இந்த இருபத்திரண்டு வருடத்தில் தான் பார்த்ததே இல்லை என்கிறார் அண்ணி, ஏதோ நோயைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவர் வீட்டுச் சமையலறைக் கூரையே ஒழுக ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்துக்கு நேர் மேலே, முட்டை அளவில் தொடங்கிய கறை, தட்டு அளவுக்குப் பரவியது. பிறகு சொட்டு.

“இது லீக்கு இல்ல” என்றார் அண்ணன். “கட்டடம் வேர்க்குது.”

“நம்ம வீட்டுல மட்டும் வேர்க்குதா?”

“நம்ம வீட்டுலதானே சமையல் நடக்குது.”

“பக்கத்து வீட்டுல எல்லாரும் பட்டினியா?”

மூன்று மாதம் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மேசையின் அந்தப் பக்கத்து நாற்காலியை எடுத்துப் படுக்கையறையில் போட்டார்; துவைத்த துணிகள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டன. நாற்காலி இருந்த இடத்தில் ஒரு நீல வாளி வந்தது. வருகிறவர்கள் கேட்டால் “ஊறப் போட்டிருக்கு” என்பார். என்ன ஊறுகிறது என்று இரண்டாவது கேள்வி கேட்டவர்களுக்கு டீ கிடைக்கவில்லை. அப்படித்தான் அந்த மேசைக்கு மூன்று நாற்காலியும் ஒரு வாளியும் என்றாயிற்று.

கறைக்கு நேர் மேலே இருந்தது என் குளியலறை. ஒரு வியாழக்கிழமை மாலை படியேறி வந்து, கதவைத் தட்டி, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், புறங்கையால் என் தரை ஓரங்களைத் தொட்டுப் பார்த்தார். “நீ ஒரு ஆள் குளிக்கிறே. ரெண்டு வீடு நனையுது” என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாப்பிட்டாச்சா?” என்றார். அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் மூன்றாவது நாற்காலி எனக்கு. என் தரையை உடைத்துப் போட ஒரு டைல்ஸ் ஆள் வேண்டும் என்ற பேச்சை மட்டும் அவர் எடுக்கவே இல்லை. என்னை அவர் கூப்பிடுவது “மாடி” என்று. “மாடி, உப்புப் பாரு.” “மாடி, ஏன் இப்படிக் கொறிக்கிறே, வாயை நல்லாத் திற.”

ஒரு வியாழக்கிழமை, அண்ணி வருவதற்கு முன், குடைமிளகாய் நறுக்கிக்கொண்டே தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். “உங்கிட்ட சொல்றதும் சுவத்துக்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான் மாடி. சுவராவது ஈரத்தை வெளிய காட்டும். நீ அதுவும் காட்ட மாட்டே.”

தம்பி டைல்ஸ் போடுகிறவர். பதினெட்டு வருடம் இருவரும் ஜோடியாக வேலை பார்த்தார்கள்: கீழே பூச்சு அண்ணனுடையது, மேலே டைல்ஸ் தம்பியுடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் இவர்கள் போட்டுக் கொடுத்த குளியலறை ஒழுகியது. கீழ் அறையில் அவர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத மெத்தை. அண்ணனையும் தம்பியையும் நனைந்த மெத்தைக்கு முன்னால் நிறுத்தி வைத்து, யார் தப்பு என்று கேட்டார். அண்ணன் தம்பியைக் காட்டினார். “மட்டம் பார்க்க நூல் கட்டறேன்னு ஆணி அடிச்சான். என் பூச்சைத் துளைச்சுட்டான்.” தம்பி எதுவும் சொல்லாமல் கருவிப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அதோடு பேச்சு நின்றது. ஆணி அடித்துக் கெடுக்கிற ஆள் என்று பேர் பரவி, தம்பிக்கு ஆறு மாதம் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. இருவருக்கும் ஹார்டுவேர் கடை ஒன்றுதான். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் எதிர்ப்புறத்துப் பூட்டுக் கடையில் நின்று பூட்டு விலை கேட்டுக்கொண்டிருப்பார். பூட்டுக் கடைக்காரர் இப்போதெல்லாம் இருவருக்கும் விலை சொல்வதில்லை. நிழலில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“ஆணி இல்ல மாடி” என்றார் அண்ணன், குடைமிளகாயைப் பார்த்துக்கொண்டு. “தண்ணி ஒரு நாள் நிக்கணும்ல. அன்னைக்கு மூணு மணிக்குக் கட்டினேன். அஞ்சு மணிக்கு மூடியைப் புடுங்கிட்டு வந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா தண்ணி கோட்டுக்குக் கீழ இறங்கிருக்கும், தெரிஞ்சிருக்கும். ஒரு அவசரம்.” என்ன அவசரம் என்று சொல்லவில்லை. நறுக்கியதைச் சட்டியில் தள்ளினார். “அவன் நேர்ல வந்தா சொல்லிடுவேன்” என்றார். “அவன் வர மாட்டான்” என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன விதத்தில், அந்த ஏற்பாடு அவருக்கு வசதியாகத்தான் இருந்தது என்று தோன்றியது.

ஏற்பாட்டைக் குலைத்தவர் அண்ணி. வாளி ஒரே இரவில் பாதி நிறைந்ததைப் பார்த்து, கணவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டார். சொந்தக்காரர் ஹார்டுவேர் கடையில் விசாரித்தார். கடைக்காரர் ஒரு டைல்ஸ்காரரை அனுப்பி வைத்தார். பூச்சுக்கு ஆள் வேண்டுமே என்றதற்கு, “அதான் கீழ் வீட்டிலேயே இருக்காரே” என்றாராம். யாருடைய விலாசத்துக்கு யாரை அனுப்புகிறோம் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை, குளிக்க இடமில்லாமல் துண்டோடு நான் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். மேலே என் தரையை உடைக்கிற சத்தம். அண்ணன் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். மூன்று அடி, ஒரு நிறுத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம்.

“தூசி மூக்குல ஏறுது. சொறிஞ்சுக்கறான்” என்றார்.

“யாரு?” என்றார் அண்ணி.

“வேற யாரு?” டம்ளரை அப்படியே மேசையில் வைத்தார். அடியை ஒற்றவில்லை. அண்ணி அந்த ஈர வட்டத்தையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திங்கட்கிழமை, தம்பி போட்டிருந்த சிமெண்ட் தரை காய்ந்ததும், அண்ணன் பிரஷ்ஷும் பூச்சு டப்பாவுமாக மேலே வந்தார். தம்பி ஒரு மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைவிடப் பருமன், அதே புருவம், துளி மட்டும் கிடையாது. ஆறடிக்கு நான்கடி அறை. நான் வாசலில் நின்றேன்.

“மாடி, ஜன்னல் மூலையில வாட்டம் பத்தலைன்னு அவன்கிட்ட சொல்லு” என்றார் அண்ணன்.

தம்பி அவரிடமிருந்து ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். “பத்தும்னு சொல்லுங்க. ஒரு சொம்பு ஊத்திப் பார்க்கச் சொல்லுங்க.”

“எங்கிட்ட சொம்பு இல்லைன்னு சொல்லு.”

“அவருக்குப் பின்னாலதான் இருக்குன்னு சொல்லுங்க.”

நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் தலையாட்டுகிறவரை இருவரும் காத்திருந்தார்கள். அண்ணன் தண்ணீரை ஊற்றினார். அது மூலையிலிருந்து கிளம்பி, வழி கேட்காமல் நேராகத் துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். “அவனுக்குக் கண்ணு இருக்கு” என்றார் அண்ணன்.

திங்கள் ஒரு கோட்டு, செவ்வாய் ஒரு கோட்டு. புதன்கிழமை மாலை தம்பி திரும்ப வந்தார், தண்ணீர் கட்டுவதைப் பார்க்க. “மூடி இருக்கான்னு கேளுங்க” என்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ரப்பர் மூடியை எடுத்து, அதை முதல் தடவையாகப் பார்க்கிறவர் போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தார். நான் தம்பியிடம் கொடுத்தேன். தண்ணீர் ஏறி நின்றதும், தம்பி சுவரில் பென்சில் கோடு போட்டார். பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்: ஏழு. தேவைக்கு மேல் பெரிதாக. அண்ணன் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு படியிறங்கினார், ஒவ்வொரு படியாக.

மறுநாள் வியாழக்கிழமை.

ஆறரைக்கு அண்ணி வேலையிலிருந்து வந்தபோது, தம்பி படிக்கட்டில் நின்றிருந்தார். ஏழு மணிக்குக் கோட்டைப் பார்க்க அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். உள்ளே சட்டி கொதிக்கிற சத்தம் படிவரை கேட்டது.

“என் வாசல்வரைக்கும் வந்துட்டுக் கை நனைக்காமப் போயிடுவீங்களா?” என்றார் அண்ணி. “உங்க அண்ணன் பேசலை, சரி. நான் என்ன செஞ்சேன்? நீங்க ஆணி அடிச்சீங்கன்னு நானுமா சொன்னேன்?”

தம்பி குனிந்தார். செருப்பைக் கழற்றினார்.

உள்ளே மூன்று நாற்காலி, ஒரு வாளி, நான்கு பேர். “நான் நின்னுக்கறேன்” என்றார் அண்ணன், அடுப்பை விட்டுத் திரும்பாமல். கரண்டியால் கோடு கிழித்து எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டுவரை எண்ணினார். கோடு ஐந்திலேயே மூடிவிட்டிருந்தது. பன்களைத் தட்டில் வைத்து, மேலே சாஸும் இறைச்சியுமாக அள்ளி ஊற்றினார். ஊற்றினார் என்பதுதான் சரி.

தம்பி இரண்டு கையாலும் எடுத்து ஒரு கடி கடித்தார். பன்னின் பின்பக்கம் பிதுங்கி, மணிக்கட்டில் ஒரு சிவப்பு ஓடை இறங்கியது. அது முழங்கைக்குப் போவதற்குள், அடுப்பருகே நின்றிருந்த அண்ணனின் கை நீண்டுவந்து, தோள் துணியால் தம்பியின் மணிக்கட்டைத் துடைத்தது. துடைத்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே தெரிந்தது. துணி தம்பியின் கைமேல் அப்படியே நின்றது.

“தண்ணி கூடிப்போச்சு அண்ணே” என்றார் தம்பி. என் பக்கம் திரும்பவில்லை; நேராகச் சொன்னார்.

அண்ணன் துணியை விட்டார். அது தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது.

“ஆணி இல்லடா.”

தம்பி மென்றுகொண்டிருந்தார்.

“அந்த மருந்துக்கடைக்காரர் வீட்டுல. ஆணி இல்ல. மூணு மணிக்குத் தண்ணி கட்டினேன். அஞ்சு மணிக்கு மூடியை எடுத்துட்டேன்.”

தம்பி மென்று முடித்து, விழுங்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “தெரியும்” என்றார்.

அண்ணன் அடுப்பை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். “எப்படித் தெரியும்?”

“அன்னைக்கு வியாழக்கிழமை.”

அண்ணி தன் கையிலிருந்த பன்னைக் கண்ணுக்கு நேரே தூக்கி, கடையில் பொருள் பார்க்கிறவர் போல நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்காகவா?” என்றார். “இதுக்காகவா ரெண்டு வருஷம்? அப்ப உப்பாவது சரியா இருந்திருக்கலாம்.”

“உப்பு சரியாத்தான் இருக்கு அண்ணி” என்றார் தம்பி.

“தெரிஞ்சிருந்தா ஏன்டா அன்னைக்கே சொல்லலை?” என்றார் அண்ணன்.

“நான் ஏன் சொல்லணும்? நீங்க சொல்வீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன். நீங்க பூட்டு விலை கேட்டுட்டு இருந்தீங்க.”

“நீயும்தான் கேட்டே.”

“நான் ஒண்ணு வாங்கினேன்.”

அண்ணிக்குப் புரை ஏறியது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார், அல்லது சிரித்துக்கொண்டே இருமினார். அண்ணன் சிரிக்கவில்லை. தகட்டை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சட்டி விளிம்பைச் சுரண்டினார். “நாளைக்குக் காலையில மருந்துக்கடைக்குப் போறேன்” என்றார். “மெத்தை என்னாலதான்னு சொல்லிட்டு வரேன். கடையில ஆள் இருக்கும்போது சொல்றேன்.”

“போங்க” என்றார் தம்பி. போக வேண்டாம் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது பன்னுக்குக் கை நீட்டினார்.

அதையும் முடித்தார். பிறகு தம்பி, சாஸ் படாத சுண்டுவிரலால் போனைத் தட்டி நேரம் பார்த்தார். “ஏழாச்சு. வரும்போதே மேல எட்டிப் பார்த்தேன், கோட்டுலதான் நிக்குது. மூடியை எடுத்துடலாமா?”

அண்ணன் தலையை உயர்த்திக் கறையைப் பார்த்தார். குனிந்து, வாளிக்குள் கையை விட்டு அடியைத் தடவி, விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

“இருக்கட்டும்டா” என்றார். “விடிஞ்சதும் எடுக்கலாம்.”

காலால் வாளியைச் சுவரோரம் தள்ளினார். படுக்கையறைக்குப் போனார். துணிகளைக் கட்டிலில் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. நான்காவது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாளி இருந்த இடத்தில், என் குளியலறைத் தண்ணீர் முழுவதும் தலைக்கு மேல் நிற்கிற இடத்தில் போட்டு, தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். பன்னைத் திருப்பிப் பார்க்காமல் நேராகக் கடித்தார். சாஸ் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையைத் தொட்டு, அங்கே கொஞ்சம் தயங்கி, தரையில் சொட்டியது. துணி தம்பியின் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அண்ணன் அதைக் கேட்கவில்லை. அடுத்த கடியைக் கடித்தார்.